பதினேழு இன்ஜின்களின் அழுக்கு

நோரீன் கார்பட் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது ஒரே ஒரு எதிரியோடுதான். அது தூசி. இங்கிலாந்தில் தார்னபி என்ற ஊரில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கே இரும்பாலைகள் இருந்த காலத்தில், காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கொடியில் போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு மதியத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். தெருவில் மற்ற பெண்கள் தலையெழுத்து என்று எடுத்து மடித்து வைத்தார்கள். நோரீன் மறுபடியும் துவைத்துக் காயப்போட்டாள், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் டீசல் ரயில் இன்ஜின் டிரைவர். நெவில் முப்பத்து நான்கு வருஷம் இரும்புத்தாது வண்டி ஓட்டினான். அவன் சட்டைக் காலரைத் தேய்த்தே அவளுடைய வலது மணிக்கட்டு தேய்ந்துபோனது. ஓய்வு பெற்ற பிறகாவது வீடு வெளுக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவனோ மாடியில் இருந்த சின்ன அறையைப் பிடித்துக்கொண்டு, தான் ஓட்டிய இன்ஜின்களின் மாதிரிகளை வாங்கி அடுக்க ஆரம்பித்தான். எல்லாம் ஒரே ரகம். முப்பத்தேழு என்று ரயில்காரர்கள் கூப்பிடும் இன்ஜின்: நீல உடம்பு, இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் மூக்கு. மாதிரி ஒரு சாண் நீளம் இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அப்படிப் பதினேழு சேர்ந்தன.

வாங்கி வரும்போது பெட்டியில் பார்த்த நோரீன் கண்ணுக்குப் பதினேழும் ஒன்றுதான். ஒன்று இருந்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டே விட்டாள். நெவிலுக்கு வாய் இருப்பதே டீ குடிக்கத்தான் என்று ஊரில் பேச்சு. ஆனால் அன்றைக்குத் திறந்தான்.

"உங்க வீட்டுல பொண்ணுங்க அஞ்சு பேர். அஞ்சும் ஒரே ஜாடை. ஒருத்தி போதும்னு உங்கம்மா நிறுத்திக்கிட்டாங்களா?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அந்த அறையைப் பெருக்கித் துடைப்பதையும் அவனிடமே விட்டுவிட்டாள். அவன் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை மாடிப்படியில் நின்று, மேலே வந்து பாரேன் என்று கூப்பிடுவான். அவளும், இதோ அடுப்பில் வேலை இருக்கிறது, இதோ துணி ஊறுகிறது என்று சொல்லுவாள். பன்னிரண்டு வருஷமும் துணி ஊறிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் நெவிலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறுவதை விட்டான். கடைசியில் நெஞ்சைத் திறந்து இதயக் குழாய்களை மாற்ற வேண்டும் என்றார்கள். ஏழு மணி நேரம் நோரீன் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். கோயில் குளம் என்று போகிறவள் இல்லை அவள். ஆனாலும் யாரிடம் என்று தெரியாமலே ஒரு வாக்குக் கொடுத்தாள்: மனுஷன் பிழைத்து வந்தால் அந்த அறைக்குப் போகிறேன், அவன் காட்டுவதை எல்லாம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பிழைத்தான். ஆனால் தலைக்குள் பனிமூட்டம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, மெல்ல விலகும், சிலருக்கு முழுதாக விலகாது என்று நர்ஸ் சொன்னாள். நோரீனை அடையாளம் தெரிந்தது. நாற்பது வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டான். முப்பது வருஷச் சிநேகிதன் ஹெட்லி கட்டில் அருகே வந்து நின்றபோது, நெவில் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று நோரீனிடம் தணிந்த குரலில் கேட்டான். கேட்ட பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவனுக்கே புரிந்து அழுதான். ஹெட்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசினான்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின திங்கள்கிழமை காலை நோரீன் வாக்கைக் காப்பாற்ற மாடிக்குப் போனாள். கதவைத் திறந்தவளுக்குப் பகீர் என்றது. பதினேழு இன்ஜினும் அப்படி ஒரு அழுக்கு. கூரையில் கரி, சக்கரங்களில் பழுப்பு, உடம்பெல்லாம் செந்தூசி, ஒன்றில் எண்ணெய் வடிந்த மாதிரிக்கூட இருந்தது. பாவம், ஒரு வருஷமாக மேலே வர முடியாமல் எல்லாம் எப்படிக் கிடக்கிறது பார் என்று அவளுக்கு மனசு உருகிவிட்டது. அவன் வந்து பார்க்கும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, நோரீன் வேலை என்றால் வேலைதான். அலமாரியைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் கீழே இறக்கி, சமையலறையில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரஷ்ஷுக்கு மசியாததைக் காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓடியது. படுக்கை விரிப்புகளை மூன்று முறை துவைத்த நாட்கள் ஞாபகம் வந்து அவளுக்கு வெறியே ஏறியது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம். ஒவ்வொரு கறையோடும் வாய்விட்டுப் பேசினாள். போகிறாயா இல்லையா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று கேட்டாள்.

மூன்றாவது இன்ஜினில்தான் கவனித்தாள், அழுக்கோடு சேர்ந்து பக்கவாட்டில் இருந்த சின்ன வெள்ளை எண்ணும் பஞ்சில் வந்துவிட்டது. முதல் இரண்டிலும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒரு நிமிஷம் கை நின்றது. பொம்மை இன்ஜினுக்கு நம்பர் எதற்கு, எந்தப் போலீஸ்காரன் கேட்கப்போகிறான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு நான்காவதை எடுத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம், கழுவின வரிசையிலேயே பதினேழையும் அலமாரியில் ஏற்றி வைத்தாள். நீலமும் மஞ்சளும் கண்ணைப் பறித்தன. நெவில் முகம் எப்படி மலரும் என்று நினைத்து, தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹெட்லி வந்தான். அவனும் பழைய டிரைவர்தான். வியாழன்தோறும் அவர்கள் கூடும் மாதிரி ரயில் சங்கத்துக்குச் செயலாளர். மறுநாள் நெவிலை எத்தனை மணிக்குக் காரில் அழைத்துவர வேண்டும் என்று கேட்க வந்தவனை, டீகூடக் கொடுக்காமல் நோரீன் மாடிக்கு இழுத்துப் போனாள். ஹெட்லி வாசலிலேயே நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நோரீன், இதுங்களை என்ன பண்ணே?"

"கழுவினேன். எப்படி மின்னுது பாரு. ஒரு வருஷ அழுக்கு."

"அது ஒரு வருஷ அழுக்கு இல்லம்மா. பன்னண்டு வருஷ அழுக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். சிங்க் அடைச்சுக்கிட்டது தெரியுமா?"

"நான் சொல்றதைக் கேளு. அந்த அழுக்கை அவன் பூசினான்."

"அழுக்கை யாராவது பூசுவாங்களா?"

"நாங்க பூசுவோம்" என்றான் ஹெட்லி.

அப்புறம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னான். கடையில் இன்ஜின் சுத்தமாகத்தான் வரும். சங்கத்தில் அதை அப்படியே தண்டவாளத்தில் ஓட்டினால், பெட்டியிலிருந்து எடுத்த பொம்மை என்று சிரிப்பார்கள். நிஜ இன்ஜின் எந்த வேலை பார்த்ததோ அந்த வேலையின் அழுக்கு அதன்மேல் இருக்க வேண்டும். நெவில் அதிலும் ஒரு படி மேலே. பதினேழும் அவன் தன் கையால் ஓட்டிய இன்ஜின்கள். ஒவ்வொன்றையும், அதை ஓட்டிய ஏதோ ஒரு நாளில் எப்படி இருந்ததோ அப்படியே செய்து வைத்திருந்தான். எங்கே ஒழுகியது, எங்கே புகைந்தது, எந்த மழைக்கு எங்கே கோடு விழுந்தது, எல்லாம். ஒரு இன்ஜினுக்கு அழுக்கு வைக்க அவனுக்கு ஆறு வாரம்கூட ஆகும். நிஜ இன்ஜின்களில் முக்கால்வாசியை வெட்டி இரும்புக்குப் போட்டு வெகுநாளாகிவிட்டது. மிச்சம் இருந்தது இங்கேதான்.

நோரீன் மெதுவாகக் கேட்டாள்: "நம்பர்?"

"நம்பர்தான்மா பேரு. நம்பர் இல்லாட்டி அது யாருமில்ல."

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பூசிவிட முடியாதா என்று கேட்டாள். ஹெட்லி இழுப்பறைகளைத் தேடினான். பொடி டப்பாக்களும் மெல்லிய தூரிகைகளும் இருந்தன. ஒரு நோட்டில் பதினேழு எண்களும் தேதிகளும் இருந்தன, அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டோவும் இல்லை. எல்லாம் நெவிலின் தலைக்குள் இருந்தது, அந்தத் தலையின் நிலைமை இருவருக்கும் தெரியும். ஹெட்லி இதே இன்ஜின்களைச் சங்கத்தில் நூறு முறை பார்த்தவன். ஆனாலும் எதில் எந்தக் கறை என்று கேட்டால் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

"ஆறு வாரத்துக்கு அவனுக்கு அதிர்ச்சி கூடாது. கதவைப் பூட்டிடு. டார்லிங்டன்ல கண்காட்சி, சங்கத்துல வாங்கிட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லு. திங்கக்கிழமை நான் வந்து எடுத்துட்டுப் போயிடறேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் ஹெட்லி.

வேறு வழி தெரியாமல் அவள் தலையாட்டினாள்.

சனிக்கிழமை நெவில் வந்தான். பாதியாக இளைத்திருந்தான். இருமல் வந்தால் தையல் பிரிந்துவிடாமல் இருக்க ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இருந்தான். அன்று முழுக்கத் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. நோரீன் தட்டுகளை எடுக்க வந்தவள் என்ன எண்ணுகிறாய் என்று கேட்டாள்.

"என் இன்ஜினுங்க. பதினேழு வரணும். காலையிலேர்ந்து முயற்சி பண்றேன், ஒன்பதுக்கு மேல வரமாட்டேங்குது. அந்த ஒன்பதுல ஒண்ணு ரெண்டு தடவை வருதோன்னு சந்தேகம்." அவன் சிரிக்கப் பார்த்தான். "பரவால்ல. மேல போய் ஒவ்வொண்ணு மூஞ்சியையும் பாத்தா வந்துடும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுங்களைப் பாத்தா மீதியெல்லாம்கூட வந்துடும்."

நோரீன் தட்டை மேஜையில் வைத்தாள். டார்லிங்டன், கண்காட்சி, சங்கம் என்று எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "சங்கத்துல" என்று ஆரம்பித்தாள். அவன் நம்பிக்கையோடு அவள் வாயையே பார்த்தான். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் கூச்சம் கிடையாது, புதுத் திரைச்சீலையின் விலையிலிருந்து எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொல்ல முடியவில்லை.

"நெவில், நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உன் இன்ஜினுங்களை நான் கழுவிட்டேன்."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், வாக்குக் கொடுத்தது முதல் சிங்க் அடைத்துக்கொண்டது வரை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நம்பரும் போச்சா?"

"போச்சு. மூணாவதுலயே தெரிஞ்சது எனக்கு. தெரிஞ்சும் நிறுத்தல."

நெவில் தலையணையை அணைத்தபடி எழுந்தான். நாளைக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். அவன் காதில் வாங்காமல் படியில் கால் வைத்தான். பதின்மூன்று படி. நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டே பின்னால் ஏறினாள். கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. இவனுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பல் பிரஷ்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இடது ஓரத்தில் முதலாவதாக இருந்ததை எடுத்து மடியில் வைத்து, எண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது யாரு?" என்றான். அதில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"அது முதல்முதல்ல கழுவினது. திங்கக்கிழமை. கூரையில புகை போற ஓட்டையைச் சுத்திக் கருப்பா, பிசுபிசுன்னு. ஒரு பக்கமா மட்டும் வழிஞ்சிருந்துச்சு. ஸ்பிரிட் போட்டும் போகல. என் உசிரை வாங்கிச்சு."

நெவில் நிமிர்ந்தான். "எந்தப் பக்கமா வழிஞ்சுது?"

"இந்த மூக்குப் பக்கமா. ஜன்னல் விளிம்பு வரைக்கும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அறுபத்தெட்டாம் நம்பர்" என்றான். "எண்ணெயைக் கக்கிக்கிட்டே ஓடும். மூணு வாட்டி எழுதிக் கொடுத்தேன், சரி பண்ணவே இல்ல. சரி, இது?"

"இதுக்கு மூக்கு பூரா குட்டிக் குட்டிப் புள்ளி. நகத்தால சுரண்டினேன்."

"பூச்சி. ஜூலை மாசம் விட்பி பக்கம் போனப்போ. நூத்தி நாலு." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வலியில் தலையணையை இறுக்கிக்கொண்டான். "பூச்சி ஒவ்வொண்ணையும் ஊசி முனையால வெச்சேன்டி. நீ சுரண்டினியா?"

"ரெண்டு மணி நேரம் சுரண்டினேன்."

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவன் எழுத ஆரம்பித்தான். அவள் கறையைச் சொன்னாள், அவன் எண்ணைச் சொன்னான். சில இடங்களில் அவனுக்கு உடனே வரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள்: சக்கரத்துக்கு மேலே இரண்டு கோடு, இரண்டாவது கோணல், கதவுக்குக் கீழே கட்டியாகச் சேறு. சேறு என்றதும் வந்துவிட்டது. ஒரு இன்ஜினில் கறை வலது பக்கம் என்று அவன் அடித்துச் சொன்னான்.

"இடது பக்கம்" என்றாள் நோரீன். "கழுவினது நீயா நானா?"

அவன் இடது என்று எழுதினான். அவன் பன்னிரண்டு வருஷமாகக் கூப்பிட்டும் வராதவள், அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

பதினோராவது இன்ஜினை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"இது ஒரு விசித்திரம். உடம்பு பூரா செந்தூசி, ஆனா கதவுக்குப் பக்கத்துல நகத்தளவுக்கு ஒரு இடம் மட்டும் சுத்தமா இருந்துச்சு. துடைச்ச மாதிரி. சரி, இங்கயாவது மனுஷன் துணியைக் கையில எடுத்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

நெவில் நோட்டை மேஜைமேல் வைத்தான். இது போய்விட்டது, இதை மட்டும் கொண்டுவர முடியாது என்று அவள் பயந்தாள். அவன் இன்ஜினைத் திருப்பி அந்தக் கதவுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் துடைக்கல" என்றான். "நீதான் துடைச்சே."

"இப்பவா?"

"அப்ப. கல்யாணமாகி ரெண்டாம் வருஷம். நான் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வாங்கின கோட்டைப் போட்டுக்கிட்டு ரயில் யார்டுக்கு வந்தே. சந்தன நிறம். டப்பாவைக் குடுத்துட்டு இன்ஜின் மேல சாஞ்சுக்கிட்டு பத்து நிமிஷம் என்னைத் திட்டினே. உன் முதுகு பட்ட இடம் அது."

நோரீனுக்குக் காது சூடாயிற்று. பஸ்ஸில் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் தன்னையே பார்த்ததும், வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பார்த்ததும், பதினைந்து நாள் அவனோடு பேசாமல் இருந்ததும் ஞாபகத்துக்கு வந்தன.

"அந்தக் கோட்டு வெளுக்கவே இல்ல" என்றாள்.

"தெரியும். நீ போனதுக்கப்புறம் ரெட்கார் ஸ்டேஷன் வரைக்கும் ஜன்னல்ல எட்டி எட்டி அந்த இடத்தைப் பாத்துக்கிட்டே போனேன். மழை வந்து கழுவிடக்கூடாதேன்னு இருந்துச்சு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "சரி, சொல்லு. என்ன நம்பர்?"

நெவில் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, நோட்டிலிருந்த எண்களை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"நம்பர் ஞாபகம் இல்ல நோரீன்."

அவள் இன்ஜினை அவன் மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் விளக்குக்கு நேராக வைத்தாள். இழுப்பறையிலிருந்து மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்தாள்.

"இதுக்கு மட்டும் நான் அழுக்கு வெக்கிறேன். எந்தப் பொடின்னு காட்டு."

நெவில் சிவப்புப் பொடி டப்பாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.